ஆண்ட்ராய்டு போனில் ஹெட்போன் சத்தம் குறைவாகக் கேட்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போனில் இருக்கும் பாட்டு காதை எட்டுவதற்குள் அதன் சத்தத்தைக் குறைக்கக்கூடிய இடங்கள் பல: பாட்டை ஒலிக்கும் ஆப், ஈக்வலைசர் (தாழ்ந்த, உயர்ந்த ஸ்வரங்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி), போனின் ஒலியளவு, பாதுகாப்பு வரம்பு, புளூடூத் இணைப்பு, ஹெட்போனுக்கே உள்ள ஒலியளவு, கடைசியில் அதன் வாயில் படிந்த அழுக்கு. ஒரே தண்ணீர்க் குழாயில் வரிசையாகப் பொருத்திய திருகுகளைப் போல, இவற்றில் ஒன்று பாதி மூடிக்கொண்டால் மற்றவற்றை முழுதாகத் திறந்தும் பயனில்லை. சத்தத்தைப் பெருக்கும் ஆப் தேடி ஓடுபவர்கள் மூடிய திருகை விட்டுவிட்டுப் பம்பை மாற்றப் பார்க்கிறார்கள். எது மூடியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கால்வாசி வேலை.

பலரும் போனை ஆங்கிலத்திலேயே வைத்திருப்பதால், மெனுப் பெயர்களை ஆங்கில உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயரும் இடமும் சற்று மாறும். செட்டிங்ஸ் பக்கத்தின் மேலே உள்ள தேடல் பெட்டியில் பெயரைத் தட்டினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

சத்தம் குறைந்துவிட்டது. முதலில் எதைப் பார்ப்பது?

குறை போனிலா, ஹெட்போனிலா என்பதை. இதே ஹெட்போனை வேறொரு போனில் இணைத்து, உங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு பாட்டைக் கேளுங்கள். பிறகு வேறொரு ஹெட்போனை உங்கள் போனில் இணைத்து அதே பாட்டைக் கேளுங்கள். ஹெட்போன் எங்கே போனாலும் சத்தம் குறைவாகவே இருந்தால் போனின் செட்டிங்ஸைக் கிளறுவது வீண். சுத்தம் செய்யும் பகுதிக்குப் போய்விடுங்கள். எந்த ஹெட்போனை இணைத்தாலும் உங்கள் போனில் மட்டும் குறைவு என்றால் ஆப், ஈக்வலைசர், ஒலி வரம்பு ஆகியவற்றைப் பாருங்கள். இந்த ஜோடி சேரும்போது மட்டும் குறைவு, தனித்தனியே இரண்டும் சரி என்றால், புளூடூத்தின் ஒலியளவு ஒத்திசைவு அல்லது கம்பி இணைப்பின் பொருத்தம்தான் பெரும்பாலும் காரணம்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் பலர் நேராக ஃபேக்டரி ரீசெட் வரை போய்விடுகிறார்கள். போனில் இருந்த எல்லாம் அழிந்த பிறகும் இயர்பட்டின் வலையில் அழுக்கு அப்படியே இருக்கும்.

ஒலியளவுப் பொத்தானை உச்சம்வரை அழுத்திவிட்டேன். இதற்கு மேல் என்ன செய்வது?

எந்த ஒலியளவை உச்சத்துக்கு ஏற்றினீர்கள் என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் மீடியா, அழைப்பு, ரிங்டோன், அறிவிப்பு, அலாரம் ஒவ்வொன்றுக்கும் தனி ஒலியளவு உண்டு. பக்கவாட்டுப் பொத்தான் அப்போதைய நிலைமைக்கு ஏற்ப ஏதாவது ஒன்றை மட்டுமே நகர்த்தும். பொத்தானை அழுத்தியதும் திரையில் தோன்றும் பட்டையின் அருகிலுள்ள சிறு குறியைத் தட்டினால் எல்லாப் பட்டைகளும் விரியும்.

இன்னொன்றும் உண்டு. போனின் ஸ்பீக்கர், கம்பி ஹெட்போன், புளூடூத் ஆகியவற்றுக்கு மீடியா ஒலியளவைப் போன் தனித்தனியே நினைவில் வைத்துக்கொள்கிறது. ஸ்பீக்கரில் உச்சத்தில் வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டினால் அதே அளவு தொடராது. ஆகவே ஹெட்போனை இணைத்து, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏற்றுங்கள்.

கம்பி இயர்போனில் நன்றாகக் கேட்கிறது. புளூடூத்தில் மட்டும் குறைவு. ஏன்?

இதற்கு அதிகமாகக் காணப்படும் காரணம் அப்சல்யூட் வால்யூம் என்ற ஏற்பாடு. முன்பெல்லாம் போனுக்கு ஓர் ஒலியளவு, ஹெட்போனுக்கு ஓர் ஒலியளவு என்று இரண்டு தனித்தனியாக இருந்தன. இரண்டையும் ஏற்றினால்தான் முழுச் சத்தம் வரும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, போன் ஒலியை முழு அளவில் அனுப்பிவிட்டு, ‘இந்த அளவில் ஒலி’ என்று 0 முதல் 127 வரையிலான ஓர் எண்ணை மட்டும் ஹெட்போனுக்குச் சொல்லும் முறை வந்தது. ஆண்ட்ராய்டில் இது 6-ஆம் பதிப்போடு நுழைந்தது.

நல்ல ஏற்பாடுதான், இரண்டு கருவிகளும் அந்த எண்ணை ஒரே மாதிரி புரிந்துகொள்ளும்வரை. சில ஹெட்போன்கள் எண்ணைப் பெற்றுக்கொள்கின்றன, ஆனால் உச்சம் என்று போன் சொல்லும்போதும் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. சில, கீழ்ப்படிகளில் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு மேல்படிகளில் திடீரென்று எகிறுகின்றன.

முதலில் எளிய வழி. ஹெட்போனிலேயே ஒலியளவுப் பொத்தானோ தொடு வசதியோ இருந்தால், பாட்டை ஓடவிட்டு அதில் ஏற்றிப் பாருங்கள். போனின் பட்டையும் சேர்ந்து நகர்ந்தால் இரண்டும் பிணைந்திருக்கின்றன. பட்டை அசையாமல் சத்தம் மட்டும் கூடினால், ஹெட்போனின் சொந்த ஒலியளவுதான் இத்தனை நாளும் தாழ்ந்து கிடந்திருக்கிறது. சிக்கல் அங்கேயே தீர்ந்தது.

அதிலும் சரியாகாவிட்டால் இணைப்பை அழித்துப் புதிதாக இணையுங்கள். புளூடூத் பக்கத்தில் அந்த ஹெட்போனின் பெயருக்கு அருகிலுள்ள சக்கரக் குறியைத் தட்டி ‘ஃபர்கெட்’ கொடுங்கள். இயர்பட் என்றால் அதன் கையேட்டில் சொன்னபடி ரீசெட் செய்துவிட்டு மீண்டும் இணையுங்கள். பழைய இணைப்பில் பதிந்துபோன ஒலியளவு இதில் போய்விடும்.

அப்சல்யூட் வால்யூமை எங்கே நிறுத்துவது? அதில் ஆபத்து ஏதும் உண்டா?

செட்டிங்ஸில் ‘அபௌட் போன்’ பக்கத்துக்குப் போய் ‘பில்டு நம்பர்’ என்ற வரியை 7 முறை தட்டுங்கள். சில போன்களில் அது ‘சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்’ என்பதற்குள் இருக்கும். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற புதிய பக்கம் திறக்கும். அதில் ‘டிசேபிள் அப்சல்யூட் வால்யூம்’ என்பதை இயக்கிவிட்டு, ஹெட்போனைத் துண்டித்து மறுபடி இணையுங்கள். போனை ஒருமுறை அணைத்துப் போட்டுவிடுவது இன்னும் நல்லது. பழைய சாம்சங் மாடல்கள் சிலவற்றில் டெவலப்பர் பக்கத்துக்குப் போகாமலே, புளூடூத்தின் கூடுதல் அமைப்புகளில் ‘மீடியா வால்யூம் சிங்க்’ என்ற பெயரில் இதே வசதி கிடைத்தது.

இனி போனுக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனி ஒலியளவு. போனை முக்கால் பங்கில் நிறுத்திவிட்டு ஹெட்போனில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். முதல் தடவை காதில் மாட்டிக்கொண்டு செய்ய வேண்டாம். இரண்டும் உச்சத்தில் இருந்தால் காது கிழியும். இந்த ஒன்றை மாற்றுவதால் போனுக்குக் கேடு இல்லை, பிடிக்காவிட்டால் திருப்பிவிடலாம். அந்தப் பக்கத்தில் உள்ள மற்றவற்றில் கைவைக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஒரு பக்கத்தில் மட்டும் சத்தம் குறைவு. இயர்பட் கெட்டுவிட்டதா?

கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. முதலில் போனின் ஆக்சஸிபிலிட்டி பக்கத்தில் இடது-வலது சமநிலைப் பட்டை நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் கையில் போன் போய் வந்திருந்தால் இது நகர்ந்திருப்பது ஆச்சரியமில்லை. அதே இடத்தில் ‘மோனோ ஆடியோ’ என்று ஒன்று இருக்கும். அதை இயக்கினால் இரு பக்கமும் ஒரே ஒலி வரும். மோனோவிலும் அதே பக்கம் குறைவாகவே கேட்டால் குறை ஹெட்போனில். மோனோவில் சரியாகிவிட்டால், நீங்கள் கேட்ட பாட்டின் பதிவே ஒரு பக்கம் சாய்ந்தது. பழைய ஸ்டீரியோப் பதிவுகள் பலவற்றில் குரலை ஒரு பக்கமும் இசைக்கருவிகளை மறு பக்கமும் வைத்திருப்பார்கள்.

குறை ஹெட்போனில் என்றால் அடுத்த சந்தேகம் காதழுக்கின் மேல்தான் விழ வேண்டும். இயர்பட்டின் வாயில் இருக்கும் வலை மிக நுண்ணியது. மெழுகு போன்ற காதழுக்கு அதில் மெல்லிய படலமாகப் படிந்தால் கண்ணுக்குச் சுத்தமாகவே தெரியும். ஆனால் சத்தம் பாதியாகிவிடும். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் நாமும் ஒலியளவை ஏற்றிக்கொண்டே போவோம். ஒரு பக்கம் மற்றதைவிட வேகமாக அடைபடும்போதுதான் விஷயம் தெரியவருகிறது. டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள்: வலையின் துளைகள் கருமையாகத் தெரிய வேண்டும். பளபளப்பாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் அடைப்பு.

எப்படிச் சுத்தம் செய்வது?

சிலிகான் முனையைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுவதும் உலரவிடுங்கள். இயர்பட்டைக் கழுவக் கூடாது. வலை தரையைப் பார்த்தபடி கவிழ்த்துப் பிடித்து, மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். குழந்தைகளின் பல் பிரஷ் போதும். கவிழ்த்துப் பிடிப்பதுதான் முக்கியம். நிமிர்த்திப் பிடித்துத் தேய்த்தால் தூள் உள்ளேதான் போகும். விடாப்பிடியான படலத்துக்கு, சுவரில் படம் ஒட்டப் பயன்படும் ஒட்டுக்களிமண்ணை வலையின் மேல் லேசாக ஒற்றி எடுக்கலாம்.

ஊசி, குண்டூசி, தீக்குச்சி எதுவும் வேண்டாம். வலை கிழிந்தால் அழுக்கு நேராக உள்ளே இருக்கும் சவ்வில் போய்ப் படியும். வாயால் ஊதுவதும் காற்றுப் பம்பால் அடிப்பதும் அதே காரணத்துக்காகத் தவறு. இயர்பட்டின் உடலில் வேறோர் இடத்தில் இன்னொரு சிறு துளை இருக்கலாம். அது காற்றழுத்தத்தைச் சமன் செய்வதற்கானது. அது அடைபட்டால் தாழ்ந்த ஸ்வரங்கள் காணாமல் போய்ச் சத்தமே குறைந்தது போல் தோன்றும். அதையும் பிரஷ்ஷால் துடையுங்கள்.

மழையிலோ வியர்வையிலோ நனைந்த பிறகு சத்தம் குறைந்தால், துடைத்து ஓர் இரவு திறந்த இடத்தில் வையுங்கள். வலையில் நிற்கும் நீர்த்துளி அழுக்கைப் போலவே ஒலியை மறிக்கும். முடி உலர்த்தும் கருவியின் சூடு வேண்டாம்.

அழுக்கு இல்லை, செட்டிங்ஸும் சரி. ஆனால் பாஸே வரவில்லை, எல்லாம் மெலிசாகக் கேட்கிறது.

சிலிகான் முனையின் அளவை மாற்றுங்கள். காதுக்குள் நுழையும் இயர்போன்கள் காதுத் துவாரத்தை அடைத்துக்கொண்டால்தான் தாழ்ந்த ஸ்வரங்கள் கேட்கும். சிறு இடைவெளி இருந்தாலும் அவை கசிந்துபோகும். பெட்டியில் வரும் மூன்று அளவுகளில் நடு அளவை மாட்டிக்கொண்டு மற்ற இரண்டையும் பிரிக்காமலே வைத்திருப்பவர்கள் ஏராளம். இரு காதுகளும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதுமில்லை.

ஏற்றும்போது ஓர் எச்சரிக்கை வருகிறது. சில நேரம் சத்தம் தானாகவே குறைந்தும் விடுகிறது. போனில் கோளாறா?

கோளாறில்லை, வேண்டுமென்றே வைத்தது. ஐரோப்பியப் பாதுகாப்புத் தரநிலைகளின்படி, இசை ஒலிக்கும் கையடக்கக் கருவி 85 டெசிபலைத் தாண்டும்போது பயன்படுத்துபவரிடம் ஒப்புதல் கேட்க வேண்டும். அதன் உச்சமும் 100 டெசிபலுக்குள் நிற்க வேண்டும். ஆண்ட்ராய்டில் இதற்கான ஏற்பாடு நாட்டுக்கு நாடு மாறும். எச்சரிக்கைக்கு நீங்கள் சம்மதித்தாலும் அது நிரந்தரச் சம்மதம் ஆகாது. அந்த அளவுக்கு மேல் மொத்தம் 20 மணி நேரம் கேட்டு முடித்ததும் போன் ஒலியளவைத் தானே இறக்கிவிட்டு மறுபடி கேட்கும். ‘நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று திடீரென்று குறைந்துவிட்டது’ என்ற புகார்களில் ஒரு பகுதி இதனால் வருவதே.

ஆண்ட்ராய்டு 14 முதல் இதைவிடத் துல்லியமான கணக்கு வந்திருக்கிறது. அந்த வசதியுள்ள போன்கள், கடந்த 7 நாள்களில் உங்கள் காதுக்குள் மொத்தம் எவ்வளவு ஒலி போனது என்று கூட்டிவைத்து, வரம்பை எட்டும்போது எச்சரிக்கின்றன. உலகச் சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட தரநிலையில் அந்த வரம்பு இருக்கிறது: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். சத்தம் 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு தடவையும் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகும். 83-இல் 20 மணி நேரம், 86-இல் 10, இப்படியே 100 டெசிபலுக்குப் போனால் வாரம் முழுவதற்கும் அரை மணி நேரம்கூடத் தேறாது.

அந்த எச்சரிக்கையை ஒரேயடியாக நிறுத்த வழி உண்டா?

சட்டப்படி கட்டாயமான இடங்களில் அதற்கான பொத்தானை நிறுவனங்கள் தருவதில்லை. குறுக்குவழிகள் இருக்கின்றன; அவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. மேலே உள்ள கணக்கைப் பார்த்தவர்கள் கேட்கவும் மாட்டார்கள்.

ஆனால் நீங்களோ வீட்டில் வேறு யாரோ வைத்த வரம்பு என்றால் தாராளமாக நீக்கலாம். சாம்சங் போன்களில் சவுண்ட்ஸ் பக்கத்தில் வால்யூம் என்பதற்குள் மேலே மூன்று புள்ளிகளைத் தட்டினால் ‘மீடியா வால்யூம் லிமிட்’ வரும். குழந்தைக்காக எப்போதோ வைத்து மறந்த வரம்பு அங்கே இருக்கலாம். அதற்குக் கடவுச்சொல்லும் வைக்கலாம் என்பதால், வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

கம்பி இயர்போனைச் சொருகினால் இசை கேட்கிறது, பாடுகிறவரின் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது.

இதைக் கேட்டதுமே சொல்லிவிடலாம்: பிளக்கின் தரைத் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. இரு காதுகளுக்கும் பொதுவான அந்தத் தொடர்பு இல்லாதபோது, இடது, வலது ஒலிகளுக்கு இடையேயுள்ள வேறுபாடு மட்டுமே கேட்கும். பாடகரின் குரல் வழக்கமாக இரு பக்கமும் சமமாகப் பதிவாகியிருப்பதால் அது ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. ஓரங்களில் இருக்கும் வயலினும் எதிரொலியும் மிஞ்சுகின்றன.

பெரும்பாலும் காரணம் பஞ்சுதான். பையில் கிடந்து சேரும் நூல்துகள் துளையின் அடியில் அழுந்தி, பிளக்கைக் கடைசி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகவிடாமல் தடுக்கும். போனை அணைத்துவிட்டு மரத்தாலான பல்குத்தும் குச்சியால் மெதுவாகக் கிளறி எடுங்கள். தடிமனான போன் உறையும் பிளக்கைத் தடுக்கும். உறையைக் கழற்றிவிட்டுச் சொருகிப் பாருங்கள்.

இன்னொரு காரணம், மைக் உள்ள பழைய இயர்போன்கள். நான்கு தொடர்புகள் கொண்ட 3.5 மி.மீ. பிளக்கில் மைக்கையும் தரைத் தொடர்பையும் இடம் மாற்றி அமைத்த இரு முறைகள் இருந்தன. சிடிஐஏ என்பதுதான் இன்றைய போன்களின் முறை. ஓஎம்டிபி என்ற பழைய முறையில் செய்த இயர்போனைச் சொருகினால் இதே கிணற்றுக் குரல் கேட்கும். மைக்கில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை சத்தம் சரியாகி, விட்டதும் போய்விட்டால் சந்தேகமே வேண்டாம், அதுதான். இரண்டையும் மாற்றித்தரும் சிறு இணைப்பான் இருக்கிறது. இயர்போன் விலை மலிவு என்றால் அதைத் தேடி அலைவதற்குப் புதிதே வாங்கிவிடலாம்.

என் போனில் 3.5 மி.மீ. துளை இல்லை. யுஎஸ்பி-சி இணைப்பான் வழியாகக் கேட்கிறேன், சத்தம் போதவில்லை.

பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும் இணைப்பான்களில் இரண்டு சாதிகள் உண்டு. ஒன்று வெறும் கம்பி. போனுக்குள்ளிருந்து வரும் அனலாக் ஒலியை அப்படியே கடத்தும். போன் அந்த வசதியைத் தராவிட்டால் அதில் ஒன்றுமே கேட்காது. மற்றொன்றில் டிஏசி எனப்படும் சிப் இருக்கும். டிஜிட்டல் ஒலியை அனலாகாக மாற்றிப் பெருக்குவதும் அதுவே. ஆகவே சத்தம் அந்தச் சிப்பின் திறனைப் பொறுத்தது. போனுடைய திறன் அங்கே கணக்கில் இல்லை.

சிப் உள்ள இணைப்பான்களுக்குள்ளேயே ஓர் ஒலியளவு இருக்கலாம். சில ஆண்ட்ராய்டு போன்கள் அதை உச்சத்துக்கு ஏற்றாமல் விட்டுவிடுகின்றன. ஆப்பிளின் யுஎஸ்பி-சி இணைப்பானைப் பல ஆண்ட்ராய்டு போன்களில் சொருகினால் சத்தம் குறைவாக வருவது இதனால்தான். கணினியில் அதே இணைப்பான் நன்றாக ஒலிக்கும். புதிதாக வாங்குவதென்றால் உங்கள் போன் நிறுவனத்தின் இணைப்பானையோ, ஆண்ட்ராய்டுக்கென்றே விற்கும் டிஏசியையோ வாங்குவது நல்லது.

நல்ல ஸ்டுடியோ ஹெட்போன் வாங்கினேன். மலிவான இயர்போனைவிட மெதுவாகக் கேட்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. அதற்குப் போனின் தெம்பு போதவில்லை. போனின் ஹெட்போன் வெளியீட்டை 1 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஹெட்போன் மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பின் அளவுதான் ஓம். 32 ஓம் இயர்போனில் அந்த வெளியீடு சுமார் 31 மில்லிவாட் ஆகும். 300 ஓம் ஹெட்போனில் வெறும் 3.3 மில்லிவாட். பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 டெசிபல் குறைவு. காதுக்கு ஏறத்தாழ பாதிச் சத்தம். சென்ஹைசர் எச்டி 600, எச்டி 650 இரண்டும் 300 ஓம். பேயர்டைனமிக்கின் டிடி 770 புரோ 32, 80, 250 ஓம் என்று மூன்று வகைகளில் வருகிறது. போனில் கேட்க வாங்குபவர் 250-ஐ எடுத்தால் வருத்தப்படுவார்.

ஓம் எண்ணை மட்டும் பார்த்தும் முடிவு செய்ய முடியாது. ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் என்ற உணர்திறன் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். தட்டையான சவ்வு கொண்ட பிளேனார் வகை ஹெட்போன்கள் சிலவற்றில் ஓம் குறைவாக இருந்தும், உணர்திறனும் குறைவு என்பதால் போனில் மெதுவாகவே ஒலிக்கும். இத்தகைய ஹெட்போனுக்கு எந்தச் செட்டிங்ஸும் உதவாது. சிறு டிஏசி-ஆம்ப்ளிஃபயர் ஒன்று வேண்டும்.

ஓர் ஆப்பில் மட்டும் குறைவு, மற்றவற்றில் சரி.

அந்த ஆப் ஒலியைச் சமப்படுத்துகிறது. ஒரு பாட்டு அலறி அடுத்த பாட்டு முனகாமல் இருக்க, சத்தமான பதிவுகளை இறக்கி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். ஸ்பாட்டிஃபையில் இதை நிறுத்தலாம். கட்டணச் சந்தாக்காரர்கள் மட்டத்தை ‘லௌட்’ என்றும் மாற்றிக்கொள்ளலாம்.

யூடியூப் சத்தமான வீடியோக்களை இறக்கும், மெதுவானவற்றை ஏற்றாது. வீடியோவின் மேல் ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் திறந்தால் ‘கன்டென்ட் லௌட்னெஸ்’ என்ற எண் தெரியும். அது -10 என்பது போல எதிர்மறையாக இருந்தால் அந்த வீடியோவே மெதுவாகப் பதிவானது. உங்கள் போனைக் குறை சொல்லிப் பயனில்லை. போனில் சேமித்துவைத்த திரைப்படம் மெதுவாக இருந்தால் விஎல்சி பிளேயரில் பாருங்கள். ஒலியை 200 சதவீதம்வரை ஏற்றும் வசதி அதில் இருக்கிறது.

ஈக்வலைசரை வைத்துச் சத்தத்தைக் கூட்டலாமா?

கூட்டலாம், குறைக்கவும் கூடும். சிலர் பாஸை மட்டும் உச்சத்துக்குத் தள்ளியிருப்பார்கள். ஒலி உடைந்துவிடாமல் இருக்க, ஈக்வலைசர் மொத்தச் சத்தத்தையும் அந்த அளவுக்கு இறக்கிவிடும். அப்படிப்பட்ட அமைப்பை நீக்கினாலே சத்தம் திரும்பிவிடும். ஆகவே முதல் வேலை எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கேட்பது. பிறகு, பேச்சு தெளிவாக வேண்டும் என்றால் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பட்டையைக் கொஞ்சம் ஏற்றுங்கள். மனிதக் காது கூர்மையாகக் கேட்பது அந்தப் பகுதியைத்தான். சிறிது ஏற்றினாலும் நிறையக் கூடியதாகத் தெரியும்.

சாம்சங்கின் ‘அடாப்ட் சவுண்ட்’ ஒவ்வொரு காதையும் சிறு ஒலிகளால் சோதித்து அதற்கேற்ப ஒலியைத் திருத்துகிறது. வயதானவர்களின் போனில் இதை அமைத்துக் கொடுப்பது, ஒலியளவை ஏற்றிக் கொடுப்பதைவிட நல்லது.

வால்யூம் பூஸ்டர் ஆப்கள் உண்மையிலேயே வேலை செய்யுமா?

ஓரளவுக்கு. டிஜிட்டல் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் ஓர் இம்மிகூட ஏற்ற முடியாது. இன்றைய சினிமாப் பாட்டுகள் பலவும் ஏற்கெனவே அந்த வரம்பைத் தொட்டபடிதான் பதிவாகின்றன. பூஸ்டர் ஆப் மெல்லிய பகுதிகளை மேலே தூக்கி, உச்சிகளை நசுக்கிவிடும். மெதுவாகப் பதிவான சொற்பொழிவுக்கு இது உண்மையிலேயே பயன்படும். பாட்டுக்குப் போட்டால் தாளமெல்லாம் தட்டையாகி, கரகரப்பு சேரும்.

இந்த ஆப்களில் பெரும்பாலானவை ஆண்ட்ராய்டு 4.4 முதல் உள்ள ‘லௌட்னெஸ் என்ஹான்சர்’ என்ற ஒரே வசதியைத்தான் அழைக்கின்றன. ‘500 சதவீதம்’ என்று பெயரில் போட்டுக்கொள்வதெல்லாம் விளம்பரம். தொடர்பு எண்கள், இருப்பிடம் ஆகியவற்றுக்கு அனுமதி கேட்கும் பூஸ்டரை உடனே அழித்துவிடுங்கள். ஒலியைக் கூட்ட அவை எதற்கு?

பாட்டு சரி. அழைப்பில் மட்டும் எதிர்முனைக் குரல் மெதுவாகக் கேட்கிறது.

அழைப்பு ஒலியளவு தனி. அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அதை ஏற்றுங்கள். புளூடூத்தில் அழைப்பு வேறு வழியில் செல்வதால் ஒலியும் குறுகிப்போகும். குரல் உரையாடல் உள்ள கேம்களிலும் இதுவே நடக்கிறது: மைக் திறந்ததும் ஹெட்போன் அழைப்பு நிலைக்கு மாறி, கேமின் ஒலி முழுவதும் மங்கிவிடும். கேமில் குரல் உரையாடலை அணைத்தால் பழையபடி ஆகும். ஒரே ஒருவரின் குரல் மட்டும் மெதுவாக வந்தால், அவருடைய போனின் மைக் துளையைத் துடைக்கச் சொல்லுங்கள்.

ஒரு படி ஏற்றினால் அதிகம், இறக்கினால் குறைவு. நடுவில் நிறுத்த முடியாதா?

பல போன்களில் மீடியா ஒலியளவுக்கு 15 படிகள்தான். சாம்சங்கில் ‘சவுண்ட் அசிஸ்டென்ட்’ என்ற அந்நிறுவனத்தின் ஆப்பை நிறுவினால் படிகளை நுணுக்கமாக்கலாம். ஆப்புக்கு ஆப் தனி ஒலியளவும் வைக்கலாம். மற்ற போன்களில், ஆப்பின் உள்ளேயே ஒலிப் பட்டை இருந்தால் அதைக்கொண்டு சமாளிக்க வேண்டியதுதான்.

அப்டேட் செய்த பிறகு சத்தம் குறைந்தது. பழைய பதிப்புக்குத் திரும்பட்டுமா?

வேண்டாம். அப்டேட்டின்போது ஈக்வலைசர், டால்பி என்ற ஒலி மேம்பாட்டு வசதி, டெவலப்பர் ஆப்ஷன்ஸ் ஆகியவை பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம், அவற்றைச் சரிபாருங்கள். புளூடூத் இணைப்பை அழித்து மறுபடி இணையுங்கள். இயர்பட்டின் சொந்த ஆப்பில் அதற்கான அப்டேட் காத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ரூட் செய்து, அதாவது போனின் பூட்டிய உள்பகுதிகளைத் திறந்து, ஒலிக் கோப்புகளில் எண்களை மாற்றும் வழியைச் சிலர் சொல்வார்கள். ஸ்பீக்கர் கருகினால் அவர்கள் வரமாட்டார்கள்.

வீட்டில் சரியாகக் கேட்கிறது. பஸ்ஸிலும் ரயிலிலும்தான் போதவில்லை.

சுற்றுச் சத்தம் பாட்டை மூழ்கடிக்கிறது. அதற்கு மேல் ஏற்றிக் கேட்பதுதான் காதுக்கு மிகவும் கெடுதல். காதை நன்கு அடைக்கும் முனையோ, இரைச்சலை நீக்கும் வசதியுள்ள ஹெட்போனோ இருந்தால் பாதி ஒலியளவிலேயே எல்லாம் கேட்கும். இயர்பட்டில் ‘டிரான்ஸ்பரன்சி’ அல்லது ‘ஆம்பியன்ட்’ நிலை இயங்கிக்கொண்டிருந்தால் அணையுங்கள். வெளிச் சத்தத்தை வேலைமெனக்கெட்டு உள்ளே கொண்டுவருவது அதுதான்.

எந்த ஹெட்போனிலும், எந்தப் போனிலும் எனக்கு மட்டும் குறைவாகக் கேட்கிறது.

அப்படியானால் பார்க்க வேண்டியது காதை. துவாரத்தில் அழுக்கு கட்டியிருப்பது சாதாரண விஷயம். மருத்துவர் எடுத்துவிட்டால் அன்றே சரியாகும். பஞ்சுக்குச்சியால் நீங்களே முயன்றால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவீர்கள். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் காதில் ரீங்காரம் நீடித்தால் சில நாள்கள் அதைத் தொடாமல் இருங்கள். ரீங்காரம் போகாவிட்டால் பரிசோதனைக்குப் போங்கள். ஒரு காதில் திடீரென்று, சில மணி நேரத்திலோ ஓரிரு நாள்களிலோ, கேட்கும் திறன் வெகுவாகக் குறைந்தால் அதை அவசரமாகவே கருத வேண்டும். சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால்தான் திறன் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதால், அன்றே காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.